நாலு விரல் தூரம்

இசையமைப்பாளர் மார்த்தாண்டம் தன் கையால் ஒரு மைக்கை வைத்துவிட்டால் அப்புறம் அதை வேறு யாரும் தொடக்கூடாது. அன்று கிட்டாரின் ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிரே, சரியாக நடுவைப் பார்க்கும்படி வைத்தார். ஸ்டாண்டைச் சுற்றித் தரையில் சிவப்பு டேப்பும் ஒட்டினார்.

ஜெரோமின் கிட்டார் வாசிப்பைக் காலையிலிருந்து பதினேழு தடவை பதிவு எடுத்தாயிற்று. பதினேழும் தகரத்தைக் கீறினாற்போல இருந்தன.

"வாசிக்கிறவன் கை சரியில்லை. இன்னொரு தடவை இப்படி வந்தா ஜெரோமை அனுப்பிட்டு வேற ஆளைக் கூப்பிடுங்க. மைக்கை மட்டும் எவனும் தொடக்கூடாது" என்றார் மார்த்தாண்டம்.

ஒலிப்பதிவு உதவியாளர் பிலோமினா இருபது வருஷமாக இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டு அலுத்தவர். எழுந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த வாசிப்பு அறைக்குள் போனார். சக்கரம் வைத்த ஸ்பீக்கர் பெட்டியை முழங்காலால் நாலு விரல் பக்கவாட்டில் தள்ளினார். மைக் இப்போது ஸ்பீக்கரின் ஓரத்தைப் பார்த்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

ஜெரோம் வாசித்தான். சத்தம் கீறாமல், கனமாக, இதமாக வந்தது.

மார்த்தாண்டம் கண்ணை மூடித் தலையாட்டினார். "பார்த்தீங்களா? மைக்கை வைக்கிற இடத்துல வைக்கணும்."

"ஆமா சார். மைக்கும் அதே இடம், ஜெரோம் கையும் அதே கை. பெட்டியைத்தான் நாலு விரல் தள்ளினேன். பழைய இடத்துக்கே நகர்த்திடட்டுமா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெரோம் குனிந்து கிட்டாரைத் துடைக்க ஆரம்பித்தான். மார்த்தாண்டம் சிவப்பு டேப் சுருளை எடுத்து பிலோமினாவிடம் நீட்டினார்.

"பெட்டியைச் சுத்தியும் ஒட்டிடும்மா."