விதைநெல் ஓலை

மூன்று கடலும் அந்தப் பேரரசின் கொடியைக் கண்டு நடுங்கிய காலம் ஒன்று இருந்தது. இப்போது கொடி தைக்கவே துணி இல்லை. நெசவாளர்களையெல்லாம் படைக்குப் பிடித்துக்கொண்டு போனால் துணி எங்கிருந்து வரும்? துறைமுகத்தில் ஆடு மேய்ந்தது. பொற்காசைத் தேய்த்தால் செம்பு பல்லிளித்தது. ஆனாலும் ஆண்டுக்கு ஒரு போர் மட்டும் தவறவில்லை.

இந்த ஆண்டு, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த சின்ன நாட்டின் முறை. நம் கொடியை மதிக்கவில்லை என்பது சொன்ன காரணம். அங்கே நல்ல விளைச்சல் என்பது சொல்லாத காரணம்.

படைக்குச் சோறு போடும் பொறுப்பு களஞ்சிய அதிகாரி திருமேனியாருடையது. வயது அறுபத்திரண்டு. களஞ்சியத்தில் எலிக்கே பஞ்சம். அரண்மனையில் ஓர் ஓலை எழுதி அவர் கையில் கொடுத்தார்கள். நானூறு ஊர்களிலும் விதைக்கென்று கட்டி வைத்திருக்கும் நெல்லைப் படைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் அவர் முத்திரை விழுந்தால் போதும். பொழுது சாய்வதற்குள் விழாவிட்டால் அவருக்குச் சிறை.

ஓலையை மடியில் செருகிக்கொண்டு ஆற்றங்கரை மடத்துக்கு வந்தார். கூட வந்த இரண்டு குதிரைவீரர்கள் வாசலில் நின்றார்கள். மடத்திலிருந்த மங்கையம்மை அவரைவிட இருபது வயது இளையவள். ஆனாலும் அவருக்குக் குரு அவள்தான்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"சாப்பிட்டீரா?"

"காலையிலிருந்து இல்லை."

"பசியோடு கேட்கிற கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. இரும்."

உள்ளே போனாள். எதையோ அறுக்கிற சத்தம், பிறகு உடைக்கிற சத்தம். ஒரு முறம் நெல்லோடு வந்து உரலில் கொட்டி, உலக்கையை அவர் கையில் கொடுத்தாள்.

"நானா?"

"பின்னே, உம் குதிரைகளா? பேசிக்கொண்டே குத்தும்."

குத்தினார். நாலு குத்திலேயே மூச்சு வாங்கியது.

"முத்திரை வைக்கலாமா, கூடாதா என்று தெரியவில்லை, அம்மா. விதையை எடுத்தால் ஊர் சபிக்கும். ஆனால் இந்த ஒரு பருவம்தான். அக்கரையை ஜெயித்துவிட்டால் இரண்டு மடங்காகத் திருப்பித் தந்துவிடலாம் என்கிறார்கள்."

"யார்?"

"சபை முழுக்க."

"சபையில் யாராவது உழுகிறவர் உண்டா?"

திருமேனியார் உலக்கையைக் கை மாற்றிக்கொண்டார். "நெல் அருமையாக இருக்கிறது. ஒரு பதர் இல்லை," என்றார்.

"முப்பது வருடம் நெல்லோடு புழங்கினவர். நீர் சொன்னால் சரிதான்."

அரிசியைப் புடைத்து உலையில் போட்டாள். கீரையும் நார்த்தங்காய் ஊறுகாயும் வைத்தாள். அவர் வெட்கப்படாமல் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

கை கழுவ எழுந்தவர் அடுப்பங்கரையில் நின்றுவிட்டார். மூலையில் அறுபட்ட வைக்கோல் புரி கிடந்தது. பக்கத்தில் காய்ந்த சாணிப்பூச்சு ஓடு ஓடாக உடைந்து கிடந்தது. அப்படி வைக்கோலால் சுற்றிச் சாணி மெழுகி, அந்த வட்டாரத்தில் ஒரே ஒரு பொருளைத்தான் பாதுகாப்பார்கள்.

"அம்மா, இது விதைக்கோட்டை."

"ஆமாம்."

"மடத்தில் ஒன்றுதானே இருந்தது?"

"ஒன்றுதான்."

"ஆடி பிறக்க இருபது நாள்கூட இல்லை. எதை விதைப்பீர்கள்?"

"நீர் அக்கரையிலிருந்து கொண்டுவருவதை."

கழுவாத கையோடு அவர் நின்றார். பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல், "அங்கே நிறைய இருக்கிறது. ஒற்றர்கள் கண்ணால் பார்த்தார்கள்," என்றார்.

"எப்போது?"

"இரண்டு மாதம் இருக்கும்."

"நீர் படையோடு வருவது அவர்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமல் என்ன? போன மாதமே ஆற்றங்கரையில் முரசறைந்து சொல்லிவிட்டோம். ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டுத்தான் போவோம். சொல்லாமல் போவது திருடன் வேலை." சொல்லும்போதே அவர் முதுகு தானாக நிமிர்ந்தது.

"நல்ல வழக்கம்," என்றாள் அம்மை. அடுப்பில் மிச்ச வைக்கோலைத் தள்ளினாள். "முரசு கேட்டதும் அவர்களும் படை திரட்டியிருப்பார்கள். அந்தப் படைக்கும் பசிக்கும். அங்கேயும் ஒரு களஞ்சிய அதிகாரியைக் கூப்பிட்டு ஓலையை நீட்டியிருப்பார்கள். அவருக்குக் கேட்க ஒரு குரு இருந்தாளோ என்னவோ."

வாசலிலிருந்து ஒரு வீரன் கூப்பிட்டான். "ஐயா, பொழுது சாய்கிறது. முத்திரை ஆயிற்றா?"

திருமேனியார் உரலடியில் குந்தி உட்கார்ந்து, குத்துப்படாமல் தெறித்துக் கிடந்த நெல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.