கணக்கில் வராத சுற்று

"கியர்பாக்ஸ் கொதிக்குதுங்க மேடம்," என்றார் மயிலானந்தன். "இருக்கறதுலயே பெரிய கூலரா ஒண்ணு மாட்டிக் குடுங்க."

ஜெசிந்தா காரைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

"இதுக்கு முன்னாடி மாட்டலீங்களா?"

"மாட்டினேன். ரேடியேட்டருக்கு முன்னாடி ஒண்ணு."

"கொதிப்பு நின்னுச்சா?"

"கியர்பாக்ஸ் கொஞ்சம் அடங்குச்சு. இஞ்சின் கொதிக்க ஆரம்பிச்சிருச்சு."

"கூலர் சூட்டை எங்க தள்ளுது?"

"காத்துல."

"அந்தக் காத்து எங்க போகுது?"

மயிலானந்தன் பம்ப்செட் தொழிற்சாலை நடத்துகிறவர். தண்ணீரும் காற்றும் எந்தப் பக்கம் போகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் காரின் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

"பின்னாடி. ரேடியேட்டருக்கு."

"அப்ப சூடு போச்சுங்களா, எடம் மாறுச்சுங்களா?"

கோவைக்கு வெளியே பந்தயத் தடத்தை ஒட்டி இருந்தது அவளுடைய கொட்டகை. இஞ்சினியரிங் படித்துவிட்டு, பத்து வருஷம் பந்தயம் ஓட்டி, இப்போது பிறருடைய கார்களைத் தயார் செய்து தருகிறவள். ஓட்டவும் சொல்லித்தருவாள். சொல்லித்தருவாள் என்பதுகூடச் சரியில்லை, கேட்பாள். அவள் கேட்கிற கேள்விக்குப் பயந்தே சிலர் வேறு கொட்டகைக்குப் போய்விட்டார்கள்.

மயிலானந்தன் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். போக வேறு இடம் இல்லாமல் வந்திருந்தார்.

கார் ஆட்டோமேட்டிக். அந்த வகை கியர்பாக்ஸுக்கு ஆயில்தான் உயிர். இஞ்சினின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்துவதும் ஆயில்தான். கடத்தும்போது வழுக்குவதும் ஆயில்தான். வழுக்கும்போதெல்லாம் சூடு பிறக்கும். அவினாசி ரோட்டில் ஓட்டுகிறவனுக்கு அது தெரியவே தெரியாது. தடத்தில், வளைவுக்கு வளைவு மிதித்துத் திருப்பி மிதிக்கிறவனுக்குத் தெரியும். சூடு எல்லை மீறினால் கார் தன்னைக் காத்துக்கொள்ள ஒரே கியரில் மாட்டிக்கொண்டு நொண்டும். எவ்வளவு மிதித்தாலும் மாட்டுவண்டிதான்.

"ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஓட்டற பந்தயம் தானுங்களே?" என்றாள் ஜெசிந்தா.

"ஆமா."

"கூட யார் ஓட்டறாங்க?"

மயிலானந்தன் கூரையைப் பார்த்தார்.

"இப்போதைக்கு யாரும் இல்ல."

"முன்னாடி?"

"தம்பி."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் தடத்தில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

போன பந்தயத்தில் முதல் பாதியை மயிலானந்தன் ஓட்டினார். அவர் வாழ்நாளில் அப்படி ஓட்டியதில்லை. முதல் இடத்தில் இருந்தபடியே காரை உள்ளே கொண்டுவந்து, தம்பி குழந்தைவேலிடம் கொடுத்தார். குழந்தைவேல் இரண்டு சுற்றுகூட முடிக்கவில்லை. கார் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தது.

மயிலானந்தன் அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். "உனக்கு ஓட்டத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே! சின்ன வயசுல இருந்து நீ தொட்டது எதுடா உருப்பட்டிருக்கு?"

குழந்தைவேலுக்கு நாற்பத்தாறு வயது. கல்லூரியில் படிக்கிற மகள் அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றிச் சுவர்மேல் வைத்தான். மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஒரே தொழிற்சாலையில் இருவரும் பங்குதாரர்கள். அன்றிலிருந்து அண்ணனுக்குச் சொல்ல வேண்டியதை மேனேஜரிடம் சொல்கிறான் தம்பி. பொங்கலுக்கு அம்மா வீட்டுக்கு அண்ணன் காலையில் வந்தார். தம்பி சாயங்காலம் வந்தான்.

கார் கொதிக்காமல் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்தே இருக்காது என்பது மயிலானந்தனின் எண்ணம்.

ஜெசிந்தா அவர் கேட்டதைச் செய்து கொடுத்தாள்.

பழைய கூலரைக் கழற்றினாள். புதியதை ரேடியேட்டருக்கு முன்னால் வைக்காமல், பக்கவாட்டில், சக்கர வளைவுக்கு முன்னே தனியாக உட்கார வைத்தாள். அதற்கென்று காற்று வர ஒரு வழி, போக ஒரு வழி, ஒரு சின்ன விசிறி. நடுவில் ஒரு வால்வு.

"இது எதுக்கு?"

"ஆயில் சூடானாத்தான் கூலருக்கு வழிவிடும். சில்லுனு இருக்கற ஆயிலையும் கொண்டுபோய்க் குளிர வெச்சா கெட்டியாயிரும். அதுவும் கியர்பாக்ஸுக்கு ஆகாதுங்ணா."

ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஆயில் சூட்டுக்கென்று தனி மீட்டர் ஒன்றையும் பொருத்தினாள்.

"ஓட்டிட்டு வாங்க."

மயிலானந்தன் ஓட்டினார். வெயில் உச்சியில் இருந்தது. சுற்றுக்குச் சுற்று முள் கொஞ்சம் ஏறும், நேர்ப்பாதையில் கொஞ்சம் இறங்கும். சிவப்புக் கோட்டுக்குப் போகவே இல்லை. கடைசி வளைவுவரை விடாமல் மிதித்தார். கொட்டகை முன் பிரேக் கிறீச்சிட நிறுத்தி, சாவியைத் திருப்பி, பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே இறங்கினார்.

"பிரமாதம் மேடம்! ஒரு சொட்டுக்கூட கொதிக்கல. டைமிங் என்ன வந்துச்சு?"

நேரம் காட்டும் போர்டை நோக்கி நடந்தார்.

"அண்ணா."

திரும்பினார்.

ஜெசிந்தா கார் ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியை ஒரு திருகு திருகினாள். இஞ்சின் எழவில்லை. மீட்டர் மட்டும் உயிர்பெற்றது.

"இதைப் பாருங்க."

முள் ஏறிக்கொண்டிருந்தது. வெளியே ஓடும்போது போகாத இடத்துக்கு, நின்ற காரில், மெல்ல மெல்லப் போய்ச் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

"மீட்டர் சரியில்லையா?"

"மீட்டர் நல்லாத்தான் இருக்கு."

"வண்டிதான் நின்னிருச்சே?"

"வண்டி நின்னிருச்சு. ஆயில் பம்பு நின்னிருச்சு. ஆயிலும் போகல. விசிறியையும் நீங்கதான் நிறுத்தினீங்க." அவள் முள்ளைப் பார்த்தபடியே சொன்னாள். "எது நிக்கலன்னு பார்த்துக்கங்க."

அவர் குனிந்து முள்ளைப் பார்த்தார்.

"இதுக்கு என்ன மாட்டணும்?"

"ஒண்ணும் மாட்ட வேண்டாம். கடைசிச் சுத்தை மெதுவா ஓட்டணும். பிரேக்கைத் தொடாம, காத்து மட்டும் பட்டுட்டு வர்ற மாதிரி. வந்தப்புறமும் இஞ்சினை நிறுத்தாம, முள் எறங்கற வரைக்கும் உள்ளயே உக்காந்திருக்கணும்."

"பந்தயத்துல ஒரு சுத்தை மெதுவா ஓட்டினா தோத்துருவோம்."

"போன தடவை ஜெயிச்சீங்களா?"

மயிலானந்தன் மறுபடியும் காரில் ஏறினார்.

மெதுவாக ஓட்டுவது அவருக்கு வரவில்லை. பாதிச் சுற்று ஒழுங்காகப் போனார். பின்னாலிருந்து ஒரு சின்னக் கார் வந்து அவரைத் தாண்டியது. ஓட்டியவன் கற்றுக்குட்டி; வளைவில் தடுமாறித் தடுமாறிப் போனான். மயிலானந்தனின் கால் அவரைக் கேட்காமலே அமுங்கியது. அவனைத் தாண்டிவிட்டுத்தான் நினைவு வந்தது.

"என்னாச்சு?" என்றாள் ஜெசிந்தா.

"ஒருத்தன் ஓவர்டேக் பண்ணிட்டான்."

"எதுல? இந்தச் சுத்துக்கு நான் நேரமே எடுக்கலியே."

மறுபடி அனுப்பினாள். இந்த முறை யாரும் தாண்டவில்லை. ஆனாலும் கடைசி நேர்ப்பாதையைக் கண்டதும் கால் அமுங்கிவிட்டது. அவள் கையால் சுற்றிக் காட்டினாள். உள்ளே வரவிடாமல் திருப்பி அனுப்பினாள்.

கோபம் வந்தது. ஐம்பத்தொரு வயதில், ஒரு பெண்ணிடம், எல்.கே.ஜி. பையனைப் போல. இந்தக் கோபத்தோடு அவர் இன்னும் இரண்டு சுற்றுப் போனார். அதன் பிறகு கோபப்படவும் அலுப்பாக இருந்தது.

அப்போதுதான் கார் மெதுவாகப் போயிற்று.

வளைவுகளில் கொடி பிடித்து நிற்பவர்கள் கையை உயர்த்தினார்கள். ஏதோ எச்சரிக்கை என்று நினைத்துப் பதறிச் சுற்றுமுற்றும் பார்த்தார். தடம் காலியாக இருந்தது. அடுத்த வளைவிலும் ஒருவர் கையசைத்தார். பிறகுதான் புரிந்தது, ஓட்டி முடித்துத் திரும்புகிறவனுக்கு அவர்கள் சொல்கிற வணக்கம் அது. இத்தனை வருஷமாக ஒவ்வொரு முறையும் அசைத்திருப்பார்கள். அவர் பார்த்ததே இல்லை.

தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். அந்த மனிதர் பல் தெரியச் சிரித்தார்.

கொட்டகை முன் காரை நிறுத்தினார். சாவிக்குப் போன கையை இழுத்து மடிமேல் வைத்துக்கொண்டார். இஞ்சின் முணுமுணுத்தது. முள் இறங்குவது தெரியாமல் இறங்கியது.

செய்வதற்கு ஒன்றுமில்லை. போனும் கையில் இல்லை. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் போன பந்தயம் ஞாபகம் வந்தது. முதல் இடத்தை விட்டுவிடக் கூடாது என்று கடைசி வளைவுவரை மிதித்தது. பிரேக் கிறீச்சிட நிறுத்தியது. ஆள் மாறும்போது கார் சில நிமிடம் கட்டாயம் நிற்க வேண்டும் என்பது அந்தப் பந்தயத்தின் விதி. அனுமதி கேட்டிருந்தால் இஞ்சினை ஓட விட்டிருக்கலாம். பழக்கத்தில் சாவியைத் திருப்பிவிட்டு இறங்கியிருந்தார். குழந்தைவேல் உள்ளே உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, விதிப்படி காத்திருந்தான்.

அந்தச் சில நிமிடமும், நின்றுபோன காருக்குள், அவன் காலடியில் சூடு ஏறிக்கொண்டே இருந்திருக்கும். மீட்டர் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை.

மயிலானந்தன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

ஜெசிந்தா ஜன்னல் பக்கம் வந்து நின்றாள்.

"அம்மிணி," என்றார். மேடம் என்பது எங்கோ போய்விட்டது. "அன்னிக்குக் கியர்பாக்ஸை வேக வெச்சது நான்தானா?"

"நான் அன்னிக்கு இங்க இல்லீங்ணா."

"இருந்தாலும், உங்களுக்கு என்ன தோணுது?"

"இருந்தவங்களைப் போய்க் கேளுங்க."

முள் பச்சைக்கு வந்திருந்தது. அவள் சொல்லாமலே அவர் சாவியைத் திருப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சிங்காநல்லூரில் தம்பி வீட்டு கேட்டைத் திறந்தார். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வந்தது கேட்டைத் திறக்கிற சத்தத்திலேயே கலைந்துபோயிற்று.

குழந்தைவேல் வாசலில் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தான். அண்ணனைப் பார்த்தான். குழாயைக் கீழே வைக்கவில்லை.

"வாங்க," என்றான். வந்தவரை வா என்று சொல்லாமல் இருக்க அந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.

மயிலானந்தன் நின்றுகொண்டே சொன்னார்.

"அன்னிக்குத் தப்பு உம்மேல இல்லடா. கொதிக்கக் கொதிக்க வண்டியை உன் கையில குடுத்தவன் நான். வந்ததும் இஞ்சினையும் நிறுத்திப்போட்டேன். நீ எப்படி ஓட்டியிருந்தாலும் அது நொண்டித்தான் இருக்கும். இதெல்லாம் எனக்கு முந்தாநேத்துதான் தெரிஞ்சுது."

தண்ணீர் பைக்கின் சக்கரத்தில் அடித்துத் தெறித்துக்கொண்டிருந்தது.

"எனக்கு அன்னிக்கே தெரியுமுங்ணா."

"அன்னிக்கேவா?"

"உக்காந்ததுமே ஆயில் கருகின நாத்தம் அடிச்சுது. கால்ல அனல் ஏறுச்சு."

மயிலானந்தனுக்குச் சுருக்கென்றது. பழைய வேகம் ஒரு கணம் நெஞ்சு வரை வந்தது.

"தெரிஞ்சுமாடா ஓட்டினே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேங்ணா."

"எப்ப?"

"நீங்க எறங்கினதும். ரெண்டு தடவை கூப்பிட்டேன்." குழந்தைவேல் குரலை உயர்த்தவில்லை. "நீங்க போர்டுல டைமிங் பார்த்துட்டு இருந்தீங்க."

உள்ளேயிருந்து அவன் மகள் கதவருகே வந்து நின்றாள். பெரியப்பாவைப் பார்த்ததும் பின்வாங்கினாள், ஆனால் உள்ளே போகவில்லை.

மயிலானந்தன் செருப்பைக் கழற்றினார். ஈரமாக இருந்த வாசல் படியில், வேட்டி நனைவதைப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

"இப்பச் சொல்லு," என்றார்.