கடைசிப் பிள்ளைக்குச் சடை

கிட்ட வந்து உட்காருங்க. காலை நீட்டிக்கிட்டே கேட்கலாம், பெரிய கதை இல்லை.

"எல்லாரையும் அனுப்பிட்டீங்க. என்னைய மட்டும் ஏன் இருத்தி வச்சிருக்கீங்க?"

கேட்டவள் செண்பகவல்லி. தபால் ஆபீஸ் வேலையும் முடிந்து, வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்த பிறகு, ரேடியோ மட்டும் பேசிக்கொண்டிருந்த வீட்டில் தனியாக இருந்தவள். நேபாளத்தில் மலைமேல் இருக்கிற ஒரு பிள்ளைகள் இல்லத்துக்கு ஆறு மாசம் ஒத்தாசைக்கு ஆள் கேட்டார்கள். அங்கே போனால் தன்னைத் தேட நாலு பேர் இருப்பார்கள் என்று மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

பதில் சொல்ல வேண்டியவள் இன்பராணி. வயசுக்கு மகள் மாதிரி. பாளையங்கோட்டைப் பக்கத்தில் ஓர் இல்லத்தில் வளர்ந்து, அதே இல்லத்தை இப்போது நடத்துகிறாள். வெளிநாட்டுக்குச் சேவைக்குப் போகிறவர்கள் முதலில் இவளிடம் வந்து இருந்து பழக வேண்டும். இவள் போன் போட்டுச் சொன்னால்தான் அங்கே கதவு திறக்கும். செண்பகவல்லி இங்கே வந்து இருப்பது இது ரெண்டாம் தடவை.

"அக்கா, போன தடவை நீங்க இங்கேருந்து கிளம்பினப்ப என்ன நடந்துச்சு?"

"பிள்ளைய எல்லாம் ஒரே அழுகை." சொல்லும்போதே செண்பகவல்லி முகம் மலர்ந்துவிட்டது. "முத்துப்பேச்சி என் காலைக் கட்டிக்கிட்டு விடவே இல்லை."

"அதான் அனுப்பலை."

இன்பராணி உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

முத்துப்பேச்சி வந்தாள். தலை காக்கா கூடாக இருந்தது.

"நீங்க போனதிலேருந்து யாரையும் தலையில கை வைக்க விடமாட்டுக்கா. நீங்க வந்து ரெட்டைச் சடை போடுவீங்கன்னு வாசல் கேட்டுப் பக்கமே நிக்கா."

செண்பகவல்லி அவளைக் கிட்ட இழுத்து உட்கார வைத்தாள். சீப்புக்குக் கை நீட்டினாள்.

"இப்பப் பின்னிருவீங்க. நேபாளத்துலயும் போய்ப் பின்னுவீங்க. ஆறு மாசம் கழிச்சு?"

"அப்பம் பிரியமா இருக்கக் கூடாதுன்னு சொல்லுதீங்களா?"

இன்பராணி எழுந்தாள்.

"குழம்பு அடிப்பிடிச்சிரும்" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சீப்பு அங்கேயே கிடந்தது.

அன்றைக்குச் செண்பகவல்லி அவள் தலையில் சிக்கெடுக்கவே மத்தியானம் ஆயிற்று. தேங்காயெண்ணெய் அரைப் பாட்டில் காலி.

மறுநாள் காலையில் பிள்ளைகள் பழையபடி சடைக்கு வரிசையாக வந்து நின்றார்கள். செண்பகவல்லி யாரையும் உட்கார வைக்கவில்லை. தன் கொண்டையை அவிழ்த்துவிட்டு, முத்துப்பேச்சிக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, எனக்குப் பின்னி விடு."

"எனக்குத் தெரியாது."

"நானும் பிறக்கும்போதே பின்னிக்கிட்டா வந்தேன்? மூணாப் பிரி."

பிரித்தாள். இழுத்தாள்.

"யம்மா, கொத்தோட பிடுங்கிராத. இருக்கிறதே கொஞ்சம்."

"ஆடாம இருங்க அப்பம்."

வரிசையில் நின்றதுகள் எல்லாம் சிரித்தன. அன்று செண்பகவல்லிக்கு வாய்த்த சடை ஓணான் வால் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அதோடுதான் நாள் முழுக்க நடமாடினாள்.

ஆனால் கை பழகிவிட்டது. ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லிக்கொடுத்தாள். கொஞ்ச நாளில் காலையானால் பிள்ளைகள் ரயில் பெட்டி மாதிரி ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்து, முன்னால் இருக்கிறவளுக்குப் பின்னினார்கள். கடைசிப் பிள்ளைக்குப் பின்னால் ஆள் இல்லை. அங்கே செண்பகவல்லி உட்கார்ந்தாள்.

இன்பராணி வந்து பார்த்தாள்.

"இப்பவாவது போன் போடலாமா?" என்றாள் செண்பகவல்லி.

"நீங்க ரயிலேறிப் போயிட்டா, இந்தக் கடைசிப் பிள்ளை?"

செண்பகவல்லிக்குக் கோபமே வந்துவிட்டது. "எவளாவது ஒருத்தி கடைசியா இருந்துதானே ஆகணும்?"

இன்பராணி தன் கையில் கிடந்த ஒற்றை வளையலை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனாள்.

செண்பகவல்லி சீப்பைப் பிடித்தபடி அந்த வளையல் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது.

"ஏ பிள்ளையளா, எல்லாரும் எந்திரிங்க. வளைஞ்சு உட்காருங்க. வட்டமா. முத்துப்பேச்சி, நீ எனக்குப் பின்னால வா. நான் முன்னால இருக்கவளுக்கு."

வட்டம் கூடியது. எல்லார் தலைக்கும் ஒரு கை இருந்தது. எல்லார் கையிலும் ஒரு தலை இருந்தது.

இன்பராணி போன் போடாமலேயே செண்பகவல்லி ஊருக்குக் கிளம்புகிற நாளும் வந்தது. பை காலையிலேயே கேட்டுப் பக்கம் போய்விட்டது. அவள் வழக்கம்போல வட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். முத்துப்பேச்சி சிவப்பு ரிப்பனை இறுக்கி, "முடிஞ்சுட்டு" என்றாள்.

"அப்பம் இதைப் பிடி."

செண்பகவல்லி, தான் பாதி பின்னியிருந்த சடையை மூன்று பிரியாகவே அவள் கையில் கொடுத்தாள். "நான் இன்னைக்கு ஊருக்குப் போறேன்ட்டி. சொன்னேம்லா? இங்க திரும்ப எப்ப வருவேன்னு எனக்குத் தெரியாது."

முத்துப்பேச்சி நிமிர்ந்து ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தாள். உதடு லேசாகப் பிதுங்கியது.

"ஏட்டி, சடை அவுருது" என்று முன்னால் இருந்தவள் கத்தினாள்.

முத்துப்பேச்சி ஓரடி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் இருந்தவளும் நகர்ந்தாள். வட்டம் மூடிக்கொண்டது.

கேட்டுப் பக்கம் இன்பராணி நின்றிருந்தாள். உள்ளே பிள்ளைகள் யாருக்கோ பேன் இருக்கிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"யாரும் வழியனுப்பக்கூட எந்திரிச்சு வரலையே. வருத்தமா இருக்காக்கா?"

செண்பகவல்லி ரிப்பனைத் தொட்டுப் பார்த்தாள்.

"இருக்கு" என்றாள்.

இன்பராணி போனை எடுத்து நேபாளத்துக்குப் போட்டாள்.