மூடிய குழாய்க்குள் ஏறி இறங்கும் நீர்

காற்றும் நீரும் குளிரும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கரட்டுமலை ஒன்றின் அடியில் ஓர் ஊர் இருந்தது. மலைக் குகைக்குள் குளிர் குடியிருந்தது. கீழ்ப் பிளவு வழியாக வெயில் காற்று உள்ளே போகும். மேல் பிளவு வழியாகக் குளிர்ந்து ஊருக்குள் வரும். அது வராமல் போன ஒரு கோடையில் மூன்று தொட்டில்கள் காலியாயின. அதன் பிறகு குளிர் கேட்ட கூலியை ஊரார் மறுத்ததில்லை.

கூலி, உடம்பின் சூடு. நாளுக்கு ஒருவர், முறை வைத்து, பிளவுக்குள் கை நீட்ட வேண்டும். மார்கழியில் நகக்கண் மட்டும் சில்லிடும். சித்திரையில் முழங்கை வரை போகும். போன சூடு திரும்பியதில்லை. பலர் தங்கள் கையை வேறு யாருடையதோ போலச் சுமந்துகொண்டு நடந்தார்கள்.

செம்புப் பாத்திரம் செய்யும் உமையாளின் மகள் பவளத்துக்கு எட்டு வயது நிறைந்தது. அவளுடைய முதல் முறை கத்திரி வெயிலில் விழுந்தது. மகளுக்குப் பதிலாகத் தன் கையை எடுத்துக்கொள்ளும்படி உமையாள் பிளவருகே போய்க் கேட்டாள்.

"உலையில வெந்து காய்ச்சுப்போன கை. அதுல என்ன ருசி இருக்கு?" என்றது குளிர். "புள்ளைய அனுப்பு. காத்து எவ்வளவு கொதிச்சு வருதோ, அவ்வளவு கேப்பேன்."

அந்தச் சொல்லை அவள் பிடித்துக்கொண்டாள். காற்று உள்ளே போகும் முன்பே அதன் சூட்டில் கொஞ்சம் எடுத்துவிடலாம். மேலே வரும் காற்றோ வேண்டியதற்கு மேல் சில்லிட்டு எல்லோரையும் நடுங்கவைத்தது. எடுத்ததை அங்கே கொடுத்துவிடலாம்.

சூட்டைத் தூக்கிப் போக முடியுமா என்று கிணற்று நீரிடம் கேட்டாள். முடியும், ஆனால் குழாய்க்குள் காற்று வழிமறித்து நிற்குமே என்றது நீர்.

"என்னைக் கொதிக்கவிடு அக்கா. காத்தை நான் துரத்திடுறேன். உடனே வாயை மூடு. உள்ள வேற மூச்சு இல்லேன்னா இளஞ்சூட்டுக்கே எழும்பிடுவேன். பொழுது சாஞ்சதும் திறந்துவிடணும்."

உமையாள் உலைமேல் சத்தியம் செய்தாள்.

இரு பிளவுக்கும் எட்டுகிற செம்புக் குழாயில் ஒரு கை நீர் வார்த்துக் கொதிக்கவிட்டாள். ஆவி, காற்றைத் தள்ளிக்கொண்டு வெளியேறியபோது, குறட்டால் வாயை நசுக்கிப் பற்றவைத்து மூடினாள். அடி கீழ்ப் பிளவிலும் உச்சி மேல் பிளவிலும் இருக்கும்படி குழாயை நட்டுவைத்தாள். அடியில் சூட்டை வாங்கிய நீர் ஆவியாகி உச்சிக்கு ஏறியது. அங்கே சூட்டை இறக்கிவிட்டுத் துளியாய் வழிந்தது. மறுபடி ஏறியது.

பவளம் கை நீட்டினாள். காற்று அதிகம் கொதிக்காமல் வந்ததால், குளிர் சுண்டுவிரல் நுனியின் சூட்டை மட்டும் எடுத்துக்கொண்டது.

பொழுது சாய்ந்தது. "அக்கா, நேரமாச்சு," என்றது நீர்.

உமையாள் உளியை எடுத்தாள். உள்ளே அடைபட்டுக் கிடந்தது எப்படி இருந்தது என்று இந்த நீர் வெளியே போய்ச் சொன்னால், நாளை வேறு எந்த நீரும் குழாய்க்குள் இறங்காது. பவளத்தின் முறை மறுபடியும் வரும். உளியைக் கீழே வைத்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம், தாயி."

மறுநாளும் அதையே சொன்னாள். மூன்றாம் நாள் நீரின் குரல் நின்றுவிட்டது. ஏறி இறங்குவது நிற்கவில்லை.

இன்றும் சில பெரிய கட்டடங்களின் ஏசி இயந்திரங்களில், காற்றைக் குளிர்விக்கும் சுருளுக்கு முன்னும் பின்னுமாக, வாய் மூடிய செம்புக் குழாய்கள் நிற்கின்றன. மோட்டாரும் இல்லை, சத்தமும் இல்லை. கரண்ட் மட்டும் குறைவாகச் செலவாகிறது. ஒரு முனையில் சூடு பட்டால் மறுமுனை உடனே சுடுகிறது. யாராவது வாயைத் திறந்துவிட்டார்களா என்று அந்த நீர் ஓடிப்போய்ப் பார்ப்பது, அன்று தொடங்கியதுதான்.