பண்டிதர் தலையில் இரண்டு பாதி

ராஜாக்கள் மலிந்து கிடந்த அந்தக் காலத்தில், கடலோரமாகச் சங்குத்துறை என்ற நாட்டை மகிழ்மாறன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதையே நம்புவார், அது ஒன்றுதான் குறை.

அவருக்குத் தலைக்கு ஊற்றிச் சீவிவிடும் வேலை உலகம்மைக்கு. ஒருநாள் ராஜா சபையில், "உலகம்மை விரல் பட்டால் தலைவலி ஓடிவிடுகிறது. நம் பண்டிதர் கஷாயம் குடித்தால் வயிற்றுவலியும் சேர்ந்து வருகிறது" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். அரண்மனை வைத்தியர் கருணாகர பண்டிதருக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே மனதுக்குள் கறுவிக்கொண்டார்.

மறுநாளே புது உத்தரவு போட்டார். "ராஜா தலைக்கு இனி எண்ணெய் கூடாது, கிரீடம் வழுக்கும். தினமும் கொதிக்கக் கொதிக்க வெந்நீர், கெட்டியாகச் சீயக்காய். முரட்டுத் துண்டால் அழுத்தித் துவட்டி, ஒரு நாழிகை சாம்பிராணிப் புகை காட்ட வேண்டும்."

"முடி வறண்டு போயிருமே, ஐயா" என்றாள் உலகம்மை.

"வைத்தியம் படித்தது நீயா, நானா?" என்றார் பண்டிதர்.

ஐப்பசி பிறந்தது. கடலிலிருந்து ஈரக்காற்று வீசியதுதான் தாமதம், ராஜாவின் தலை பிரித்துப்போட்ட இலவம்பஞ்சு போல நாலா பக்கமும் உப்பிக்கொண்டது. கிரீடம் தலையில் உட்காரவில்லை, தலைக்கு மேலே தத்தளித்துக்கொண்டிருந்தது. பக்கத்து நாட்டுத் தூதருக்கு ராஜா கும்பிடு போட்டபோது அது நழுவி உருண்டு, தூதரின் காலடியில் போய் நின்றது. தூதர் அதைக் கையில் எடுத்து, "எங்கள் ராஜாவுக்கா?" என்று பணிவாகக் கேட்டார்.

ராஜாவுக்கு மானம் போய்விட்டது. பண்டிதர் இந்தச் சமயத்துக்குத்தான் காத்திருந்தார்.

"மருந்தில் குறை இல்லை மகாராஜா. இவள் கையில் ராசி இல்லை. நாட்டைவிட்டு அனுப்புங்கள். இனி எந்தத் தலையையும் இவள் தொடக்கூடாது."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

உலகம்மை இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள். "இந்தக் கைய விட்டா எனக்கு வேற பொழப்பு இல்ல மகாராசா" என்றாள். அவள் அழவில்லை.

மந்திரி வில்லவராயர் எழுந்தார். அவர் தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி கிடையாது.

"இந்த விஷயத்தில் உமக்கு என்னய்யா அனுபவம்?" என்றார் ராஜா.

"எந்தப் பக்கமும் சாயமாட்டேன், மகாராஜா. அனுப்புவதற்கு முன் கையைச் சோதித்துவிடுவோம். பண்டிதருக்குத் தோள்வரை வழுவழுவென்று முடி. நேர்வகிடு எடுத்து இரண்டாகப் பிரிப்போம். வலது பாதியை ராசியான தன் கையால் அவரே கழுவட்டும், உங்களுக்குச் சொன்ன அதே முறையில். இடது பாதியை இந்த ராசி கெட்ட கை, அது பழகிய முறையில் கழுவட்டும். பத்து நாள். தினமும் அவர் சபைக்கு வந்து தலையைக் காட்ட வேண்டும்."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். பண்டிதரோ மாட்டேன் என்று சொன்னால் தன் கையைத் தானே நம்பவில்லை என்றாகிவிடும். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தலையாட்டினார்.

உலகம்மை வாரத்துக்கு இரண்டே முறை கழுவினாள். முதல்நாளே தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட்டு, ஆறிய நீரில், கொஞ்சமாகச் சீயக்காயோடு செம்பருத்தி இலையும் அரைத்துத் தேய்த்தாள். பழைய வேட்டித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தாள். ஈரம் பாதி காயும்போதே பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுத்து, உள்ளங்கையில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு நீவிவிட்டாள்.

நாலாம் நாளே வலது பாதி குருவிக்கூடு ஆகிவிட்டது. இடது பாதி மழைத்தண்ணீர் போல வழிந்தது. பண்டிதரின் வலது பாதி மட்டும் தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு, இரண்டு பாதியும் சேர்ந்து தெரிந்தவர்களுக்கு இன்னும் பெரிய சிரிப்பு. "இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி" என்று வாயிற்காவலன் முதுகுக்குப் பின்னால் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

ஏழாம் நாள் பண்டிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். வலது பாதியும் படிந்து மினுமினுத்தது. "பார்த்தீர்களா மகாராஜா? என் முறைக்குப் பொறுமை வேண்டும். அவ்வளவுதான்."

வில்லவராயர் பக்கத்தில் போய், தன் வெள்ளை அங்கவஸ்திரத்தால் அந்தப் பாதியை மெல்ல ஒற்றி, ராஜாவிடம் விரித்துக் காட்டினார். நடுவில் கையகலத்துக்கு எண்ணெய்க் கறை.

"ஏன் தடவினீர்?" என்றார் ராஜா.

"கொஞ்சம்தான் மகாராஜா. முடி ரொம்ப வறண்டு போயிருந்தது. வறண்ட முடி காற்றில் இருக்கும் ஈரத்தையெல்லாம் குடித்து உப்பிவிடும், அதனால்தான்..." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

ராஜாவின் முகம் மாறியது.

"உம் தலை உப்பியபோது வறட்சி என்று தெரிந்தது. என் தலை உப்பியபோது மட்டும் இவள் கை கெட்டது, இல்லையா?"

தன் முறைப்படியே தை பிறக்கும்வரை தலைக்கு ஊற்றிக்கொண்டு தினமும் சபைக்கு வர வேண்டும் என்று பண்டிதருக்குத் தீர்ப்பானது. வில்லவராயருக்குக் கறைபட்டதற்குப் பதிலாகப் பத்துப் பட்டு அங்கவஸ்திரம் கிடைத்தது.

"உலகம்மைக்கு என்ன தருவது?" என்றார் ராஜா.

"அவளிடமிருந்து எடுக்கப் பார்த்தீர்களே, அதை இந்தச் சபையிலேயே திருப்பிக் கொடுங்கள்" என்றார் மந்திரி.

ராஜா கிரீடத்தைக் கழற்றி ஆசனத்தில் வைத்தார். படியிறங்கி வந்து, எந்த அரசனுக்கும் குனியாத தலையை உலகம்மையின் கைக்கு எட்டும்படி குனிந்து கொடுத்தார்.

"தப்பு என்னுடையதம்மா."

உலகம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரலால் சிக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"பத்து நாளாவது ஆகும், மகாராசா. ஆடாம நில்லுங்க."