பவர் சப்ளைக்குத் துக்கம் கேட்டவர்

“மிஸ், ரெண்டும் ஒரே அளவுப் பெட்டி. ரெண்டுலயும் நானூத்தம்பது வாட்ஸ்னுதான் போட்டிருக்கு. ஒண்ணு மட்டும் ஏன் நாலு மடங்கு விலை?”

பொன்னுலிங்கம் அண்ணாச்சி இரண்டு பவர் சப்ளைகளையும் மேசைமேல் வைத்துவிட்டு நின்றார். சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி, கம்ப்யூட்டர் தாங்குகிற அளவுக்குத் தணித்துக் கொடுக்கும் இரும்புப் பெட்டிகள் அவை.

கிறிஸ்டில்டா மிஸ் நிமிரவில்லை. ஒரு மதர்போர்டில் ஈயம் வைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சிக்கு வயது ஐம்பத்தாறு. மிஸ்ஸுக்கு முப்பத்து மூன்று. பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர், வேலையை விட்டுவிட்டுத் தூத்துக்குடியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே ரிப்பேர் கடை போட்டிருந்தார். அண்ணாச்சி தீப்பெட்டி ஆலையில் முப்பது வருஷம் மேஸ்திரி. ஓய்வுபெற்றதும் கம்ப்யூட்டர் கடை வைத்தார். அவருக்கு விற்கத் தெரியும். எதை விற்கிறோம் என்பதுதான் தெரியாது.

இரண்டு மாதத்துக்கு முன் அவர் விற்ற பவர் சப்ளை ஒன்று ஒரு ஸ்டுடியோவில் வெடித்தது. அதற்குப் பிறகுதான் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு இந்த மாடிப்படிக்குக் கீழே வந்து கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்.

மிஸ்ஸிடம் அவருக்கு ஒரு குறை இருந்தது. யார் வந்தாலும் எழுந்திருக்க மாட்டார். கம்பெனி மேனேஜர் வந்தாலும் சரி, பங்குச்சாமியாரே வந்தாலும் சரி, முக்காலியில் உட்கார்ந்தபடிதான் பேச்சு. திமிர் பிடித்தவள் என்று தெருவில் பெயர். அண்ணாச்சி அதை மறுத்துப் பேசியதில்லை.

“யாருக்கு இது?” என்று கேட்டார் மிஸ்.

சூசைமிக்கேலுக்கு என்றார் அண்ணாச்சி.

மிஸ்ஸின் கை அப்படியே நின்றது.

சூசைமிக்கேல் மீன் ஏலம் கூறுகிறவர். அவர் குரல் கொடுத்தால் கடலில் நிற்கும் வள்ளத்துக்குக் கேட்கும் என்பார்கள். தொண்டையில் புற்று வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு குரல் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கையில் ஒரு வாரம் இருந்தது. அந்த ஒரு வாரத்தில் மனிதர் தன் ஏலம் முழுவதையும் பேசிப் பதிவு செய்துவிட்டார். அத்தனை எண்கள். சீலா, பாரை, ஊளி, விளமீன் என்று அத்தனை மீன்கள். “கூடையத் தள்ளி வையிடே” என்ற அதட்டல்கூட அதில் உண்டு.

இப்போது ஏலக்கூடத்தில் ஒரு கம்ப்யூட்டரும் பெரிய ஸ்பீக்கரும் இருக்கின்றன. சூசை பட்டனைத் தட்டுவார். அவர் குரல் ஏலம் கூறும்.

யாரோ ஒருவர் அந்த அதட்டலை மட்டும் பென் டிரைவில் எடுத்துப்போய் ஊருக்கெல்லாம் ரிங்டோனாகக் கொடுத்துவிட்டார். டீக்கடையில் யாருடைய சட்டைப் பையிலிருந்தோ தன் குரல் வந்ததைக் கேட்டார் சூசை. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர் யாரையும் நகல் எடுக்க விடுவதில்லை. மிஸ்ஸே ஒருமுறை ஆள் அனுப்பிச் சொல்லிப் பார்த்தார். சூசை கும்பிட்டு மறுத்துவிட்டார்.

ஆக, ஒரு மனிதனின் குரல் ஒரே ஒரு டிஸ்க்கில் இருந்தது. அதே கூடத்தில், அதே வயரில், ஐஸ் அரைக்கிற மெஷினும் ஓடியது. மெஷின் கிளம்பினால் பல்பு மங்கும். நின்றால் பளீரென்று எரியும்.

“பழைய பவர் சப்ளை முனகுது மிஸ். மாத்தியாகணும். எதைப் போட?”

இரண்டையும் தூக்கிப் பார்த்ததாகவும், விலை குறைந்ததுதான் கொஞ்சம் கனமாக இருப்பதாகவும் அண்ணாச்சி சொன்னார். கனமாக இருந்தால் நல்ல சரக்கு என்று மொத்த வியாபாரி அவருக்குச் சொல்லியிருந்தார்.

மிஸ் பெட்டிகளைத் தொடவில்லை. ஒரு அட்டையைக் கிழித்து அதில் நான்கு விலாசங்களை எழுதினார்.

“இந்த நாலு இடத்துலயும் பவர் சப்ளை செத்திருக்கு. போய்த் துக்கம் கேட்டுட்டு வாங்க அண்ணாச்சி.”

“பவர் சப்ளைக்கா?”

“ஆமா.”

“என்னன்னு கேக்க?”

“மனுஷன் செத்தா எப்படிக் கேப்பீய? அப்படித்தான்.”

கிண்டல் செய்கிறாரோ என்று அண்ணாச்சி முகத்தைப் பார்த்தார். மிஸ் மறுபடி ஈயம் வைக்கத் தொடங்கியிருந்தார்.

முதல் விலாசம் ஒரு டியூஷன் சென்டர். அங்கே இருந்த சார் துக்கத்தைக் கொட்ட ஆள் கிடைக்காமல் இருந்தவர்போலும். பெட்டி வெடித்ததையும், மதர்போர்டு கூடவே போனதையும், பிள்ளைகளின் மார்க்கெல்லாம் அழிந்ததையும் அரை மணி நேரம் சொன்னார். விற்றவனை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினார். அண்ணாச்சி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் எழுந்து வந்தார். துக்க வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லையே.

இரண்டாவது வீட்டில் ஒருவர் வீடியோ எடிட்டிங் செய்துகொண்டிருந்தார். ஊரிலேயே விலை கூடிய பெட்டியாகப் பார்த்து வாங்கியிருக்கிறார். உள்ளே கலர் கலராக லைட் எரியுமாம். அது சாகும்போது, அதைவிட விலையான கிராஃபிக்ஸ் கார்டையும் கொண்டுபோய்விட்டது. விலையைப் பார்த்து நம்பினேன் என்று அவர் புலம்பினார்.

அண்ணாச்சிக்குக் குழப்பம் கூடியது. விலையைப் பார்த்தும் சொல்ல முடியாது என்றால் எதைப் பார்த்துத்தான் சொல்வது? இங்கேயும் சொல்லிக்கொள்ளாமல் வந்தார்.

மூன்றாவது விலாசத்தைப் படித்ததும் அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இசக்கிராஜ் ஸ்டுடியோ. அவர் விற்ற பெட்டி வெடித்த இடம். இரண்டு மாதமாக அந்தத் தெருவைத் தவிர்த்து உப்புக்கிட்டங்கி வழியாகச் சுற்றித்தான் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தார். போகவில்லை.

இசக்கிராஜ் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். மேசை டிராயரைத் திறந்து ஒரு செத்துப்போன டிஸ்க்கை எடுத்து வைத்தார்.

“என் தங்கச்சி கல்யாணப் படம் பூரா இதுல இருந்துச்சு அண்ணாச்சி. மாப்பிள்ளை இப்ப இல்ல.”

அண்ணாச்சி அந்த டிஸ்க்கைக் கையில் எடுத்தார்.

“நல்ல சாமான்னு நீங்க சொன்னிய. வாங்கினேன்.”

அதிலும் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அண்ணாச்சிக்குத் தோன்றியது.

“என் தப்புதான்யா,” என்றார். வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுச் சத்தமில்லாமல் எழுந்தார். தெருவில் வந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான்காவது ஒரு ரத்தப் பரிசோதனை லேப். நடத்துகிறவர் ராபியா பீவி. அண்ணாச்சி அழுத முகம் மாறாமலே போய் உட்கார்ந்தார்.

“உங்க கம்ப்யூட்டர்ல பவர் சப்ளை போயிட்டுன்னு கேள்விப்பட்டேம்மா.”

“எப்ப?” என்றார் ராபியா பீவி.

பிறகு அவரே யோசித்து, போன மழையில் இடி விழுந்த அன்று ஏதோ ஒரு பெட்டி போனதையும், மிஸ் வந்து வேறு மாட்டிவிட்டுப் போனதையும் ஞாபகப்படுத்திக்கொண்டார்.

“கூட வேற என்னம்மா போச்சு?”

“வேற என்ன? ஒண்ணும் போகலையே.”

அந்தப் பெட்டி என்ன கம்பெனி என்று கேட்டார். தெரியவில்லை. என்ன விலை? அதுவும் ஞாபகமில்லை. சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு நான்கு பேர் காத்திருந்தார்கள். ராபியா பீவி ஊசியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

இங்கே கேட்க ஒன்றுமே இல்லை. வீணாக வந்தோம் என்று அண்ணாச்சி நினைத்தார். மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் ரிப்போர்ட்டை அச்சடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, முந்தைய மூன்று வீட்டிலும் செய்த மாதிரியே பேசாமல் எழுந்து படியிறங்கினார்.

“என்ன அண்ணாச்சி, சொல்லிக்கிடாமப் போறீய? இது என்ன எழவு வீடா?”

அண்ணாச்சி படியிலேயே நின்றுவிட்டார்.

உள்ளே பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது. அவர் திரும்பி ஏறி வந்தார். இரண்டு கைகளையும் கூப்பினார்.

“போயிட்டு வாரேம்மா,” என்றார்.

இதற்கு எதற்கு இவ்வளவு பெரிய கும்பிடு என்று ராபியா பீவிக்குப் புரியவில்லை.

மாடிப்படிக்குக் கீழே மிஸ் அதே மதர்போர்டோடு உட்கார்ந்திருந்தார்.

“நாலாவது வீட்டுல என்ன சொன்னாவ?”

“அவிய ஒண்ணும் சொல்லல மிஸ். நான்தான் சொல்லிக்கிட்டு வந்தேன்.”

மிஸ் முதல்முறையாகத் தன் ஸ்க்ரூ டிரைவரை அவரிடம் நீட்டினார்.

அண்ணாச்சி விலை குறைந்த பெட்டியைத் திறந்தார். கனத்துக்காக உள்ளே ஒரு இரும்புத் துண்டை வைத்து முடுக்கியிருந்தார்கள். பலகையில் இன்ன உறுப்பு இன்ன இடத்தில் என்று வெள்ளையில் அச்சடித்திருந்தது. பாதி இடத்தில் உறுப்பே இல்லை. பந்தியில் இலை போட்டு ஆள் உட்காராத மாதிரி இருந்தது. கரண்ட் நுழைகிற இடத்தில், காவலுக்கு நிற்க வேண்டிய உறுப்புக்குப் பதில் ஒரு துண்டு வயரை வைத்து ஒட்டியிருந்தார்கள்.

இசக்கிராஜுக்கு விற்றதும் இதே பெட்டிதான்.

மற்றதைத் திறந்தார். அதில் ஒரு இடமும் காலியாக இல்லை.

மிஸ் அலமாரியிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தார். ராபியா பீவியின் லேபில் செத்த பெட்டி. அதைத் தூசி துடைத்து வைத்திருந்தார். கரண்ட் நுழைகிற இடத்தில் இரண்டு மூன்று உறுப்புகள் கரிக்கட்டையாகிக் கிடந்தன. அவற்றைத் தாண்டி உள்ளே எல்லாம் புதுசு போல இருந்தது.

அண்ணாச்சி அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

“வாசலத் தாண்டி விடல, என்ன மிஸ்?”

மிஸ் வேலையைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி விலை கூடிய பெட்டியை ஏலக்கூடத்துக் கம்ப்யூட்டரில் மாட்டினார். நல்லதுதானா என்று சூசை கையால் கேட்டார். இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் அண்ணாச்சி யோசிக்காமல் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்றிருப்பார்.

“தெரியாது சூசை. திறந்து பாத்தேன், உள்ள எல்லாம் இருக்கு. மிச்சம் அது சாகும்போதுதான் தெரியும்.”

சூசை சத்தமில்லாமல் சிரித்தார்.

அன்று சாயங்காலம் அதே மாதிரி இன்னொன்றை வாங்கி இசக்கிராஜ் ஸ்டுடியோவில் கொண்டுபோய் மாட்டினார் அண்ணாச்சி. காசு வாங்கவில்லை. அதன் பிறகு அந்தத் தெரு வழியாகவே வீட்டுக்குப் போனார்.

மூன்று வருஷம் ஓடியது. சூசைக்குத் தன் கம்ப்யூட்டரில் பவர் சப்ளை என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது.

ஐப்பசியில் ஒரு மத்தியானம். வள்ளங்கள் சீலா மீனோடு வந்திருந்தன. ஏலம் சூடு பிடித்திருந்தது. ஐஸ் மெஷினில் ஏதோ உரசி, பல்புகள் வெள்ளையாக எரிந்து வெடித்தன. ஸ்பீக்கர் பாதி எண்ணில் நின்றது. கருகல் நாற்றம் வந்தது.

சூசை வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது.

அண்ணாச்சி புதுப் பெட்டியோடு வந்து சேர்ந்தபோது மெஷினின் வயரைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். சூசை கம்ப்யூட்டர் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றார். அண்ணாச்சி செத்த பெட்டியைக் கழற்றித் தரையில் வைத்தார். புதியதை மாட்டினார். சுவிட்சைப் போட்டார். திரை வந்தது.

“தட்டு சூசை.”

சூசைக்கு விரல் எழவில்லை. அண்ணாச்சி அவர் கையைப் பிடித்துப் பட்டன்மேல் வைத்தார்.

“கூடையத் தள்ளி வையிடே!”

கூடம் முழுக்கச் சூசையின் குரல் அதட்டியது. பெண்கள் கூடையைத் தள்ளி வைத்தார்கள். ஏலம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. சூசை கண்ணைத் துடைக்கக்கூட நிற்காமல் தட்டிக்கொண்டே போனார். சீலா காத்திருக்குமா? ஈரத் தரையில் கிடந்த பெட்டியை யாரும் பார்க்கவில்லை.

அண்ணாச்சி குனிந்து அதை எடுத்தார். மீன் தண்ணீரைத் தன் துண்டால் துடைத்தார். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மாடிப்படிக் கடைக்கு வந்து மேசைமேல் வைத்தார்.

மிஸ் ஈயம் வைக்கும் இரும்பைக் கீழே வைத்தார்.

“சூசையோடதா?”

“ஆமா மிஸ்.”

“கூட யாரு போனது?”

“யாரும் போகல மிஸ். இது மட்டுந்தான்.”

மிஸ் எழுந்து நின்றார்.