மைக்கில் கேட்ட ‘கடக்’

இளம் விவசாயிகள் மாநாட்டுக்குத் தையல்நாயகி தன் வயல் விதைநெல்லோடு, வழியில் கொறிக்கக் கொஞ்சம் பொரியும் கட்டிக்கொண்டு போனாள். அங்கே விதைக் கண்காட்சி அரங்கின் வாசலில் நிபுணர் அழகேசன், சட்டையில் ஒலிபெருக்கி மைக்கும் கையில் ஈரம் பார்க்கும் மெஷினுமாக நின்றார்.

நெல்லை மெஷினில் போட்டு, “பதினெட்டு!” என்று உரக்கப் படித்தார். “ஈர நெல்லும்மா, பூஞ்சணம் பிடிச்சிடும். எடுத்துட்டுப் போ.”

“நாலு வெயில் காய வச்சது ஐயா. கடிச்சா கடக்குங்குது.”

“உன் பல்லை நம்பவா, என் மெஷினை நம்பவா? மெஷின் தப்புன்னா இங்கேயே நிரூபி, பார்ப்போம்!”

“அப்ப இந்தப் பொரியையும் போட்டுப் பாருங்க ஐயா” என்று அவள் ஒரு பிடி நீட்டினாள்.

போட்டார். “பதினெட்டு!” என்று பழக்கதோஷத்தில் உரக்கப் படித்தும்விட்டார்.

அரங்கமே சிரித்தது. அவர் முகம் சுண்டிப்போனது. தையல்நாயகி மட்டும் சிரிக்கவில்லை.

“மெஷினுக்கு உடம்பு சரியில்ல போல. நீங்களும் காலையிலேர்ந்து நின்னுகிட்டே இருக்கீங்க. சாப்பிடுங்க ஐயா” என்று மீதிப் பொரியை அவர் கையில் கொட்டினாள்.

அவரும் தின்றார். பிறகு, யாரும் கவனிக்கவில்லை என்ற நினைப்பில், அவளுடைய நெல் ஒன்றை எடுத்து மெல்லப் பல்லில் வைத்தார்.

சட்டை மைக் வழியாக அரங்கமெங்கும் கேட்டது: கடக்!